பூ இல்லாமல் இறங்கிய மாடுகள்

அடியே,

சமையல் மேடைமேல் ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சாமந்தி உட்கார்ந்திருக்கிறது. பாதி மஞ்சள், பாதி அரக்கு. நேற்றுச் சாயங்காலம் சுகன்யா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நம் சங்கத்துப் பொங்கல் கமிட்டியில் இந்த வருஷம் அவள்தான் எல்லாம். "மில்பிடாஸ் கடையில சொல்லி வெச்சு வாங்கினேன்க்கா, ஃப்ரெஷ்ஷா இருக்கு பாருங்க. அடுத்த சனிக்கிழமை கன்னுக்குட்டி வந்துரும். மாலையை நீங்கதான் கட்டித் தரணும். இந்தப் பூல கட்டிப் பாருங்க, ஈவென்ட்டுக்கு வேற பூ தரேன். அவங்களுக்கு அப்புறம் நான் யாரைக் கேக்கறது, சொல்லுங்க?" என்றாள். அவங்க என்றால் நீ. உன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வருவதில்லை. அதனால்தான் இந்த மடலில் வெறும் அடியே. கோபித்துக்கொள்ளாதே.

எனக்குப் பூக்கட்டத் தெரியாது என்பது சுகன்யாவுக்குத் தெரியாது. உன் பின்னாலேயே இத்தனை வருஷம் சுற்றியவளுக்கு இதுகூடவா வராது என்று நினைத்திருப்பாள். "இவ மெட்ராஸ்காரி, பூவை முழம் போட்டு வாங்கியே வளந்தவ" என்று நீ என்னைச் சன்னிவேல் முழுக்கக் கிண்டல் செய்தாயே, அது அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது. நானும் வாயைத் திறக்காமல் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று காலை காபியோடு வந்து மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான், காபி ஆறிப்போயிற்று.

சாமந்தி வாசனை வந்தால் எல்லாருக்கும் கோயில் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கல்யாண வீடு. எனக்கு வந்தது ஈர வைக்கோலும் சாணமும் மணக்கும் ஒரு தெரு. ஆஸ்திரியாவில், டிரோல் மலைகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஊர். அதன் பெயரை நீ கடைசிவரை சரியாகச் சொன்னதே இல்லை. "நம்ம ஊரு" என்பாய். பொள்ளாச்சியையும் அப்படித்தான் சொல்வாய், சன்னிவேலையும் அப்படித்தான் சொல்வாய். எந்த ஊரைச் சொல்கிறாய் என்று நான்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பயணத்துக்கு நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் காலேஜுக்குப் போய்விட்ட வருஷம். வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் எங்காவது போகலாம் என்று ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் பேசிப் பேசியே டிக்கெட் வரைக்கும் வந்துவிட்டோம். காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று நான் நிரப்பி, எங்கெங்கே இந்தியன் பஃபே கிடைக்கும் என்று பச்சை நிறம் வேறு அடித்திருந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய்.

"ஏ அம்மிணி, இது டூரா, டெலிவரி ரூட்டா? ஒரு ஊர்ல போய் எறங்குனா, அங்க நாலு வூட்டுல என்ன கொழம்புன்னு தெரியோணும். இல்லீன்னா போட்டோவப் பாத்துட்டு இங்கியே கெடக்கலாம்."

அப்புறம் நீ சொன்னதுதான் நடந்தது. எப்போதுதான் நடக்கவில்லை? ஒரே ஊர், ஒரு வாரம், மாடு வளர்க்கிற ரோசி அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு ஓர் அறை. கீழே அவரும் அவர் மகனும். வீட்டை ஒட்டியே தொழுவம். முதல் நாள் ஜன்னலைத் திறந்ததும் அடித்த வாடைக்கு நான் மூக்கைப் பொத்தினேன். நீ நெஞ்சு முட்ட இழுத்துவிட்டு, "அப்பாடா" என்றாய்.

உன்னைப் போல ஓர் ஊருக்குள் நுழையத் தெரிந்தவளை நான் பார்த்ததில்லை, இதை நீ இருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அங்கே தெருவில் யார் எதிரே வந்தாலும் வணக்கம் சொல்வார்கள், தெரிந்தவர் தெரியாதவர் என்று கிடையாது. "க்ரூஸ் காட்" என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் தப்பிப்பேன். நீ நின்று, கையைக் கூப்பி, "வணக்கமுங்க" என்பாய். வாரம் பாதி போவதற்குள் ரொட்டிக்கடை அம்மா உன்னைப் பார்த்ததும் "வணக்கமுங்க" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். பஸ் டிரைவர் உனக்காக ஒரு நிமிஷம் நின்று போனார். ஒவ்வொரு வீட்டுச் சுவரோரமும் குளிருக்கு விறகு அடுக்கி வைத்திருந்தார்களே, ஒரு கட்டைகூடத் துருத்தாமல். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்யாண வூட்டு லட்டுகூட இப்படி அடுக்கி நான் பாத்ததில்லீடி" என்று வியந்தாய். அந்த வீட்டுக் கிழவர் வெளியே வந்து, உனக்காக இன்னொரு வரிசை அடுக்கிக் காட்டினார். எனக்கு மலை ஏற வேண்டும், ரோப் கார் பார்க்க வேண்டும். நீயோ விறகுப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த ஊரில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான், ஒரு கடை திறக்காது. நம்மிடம் பால் தீர்ந்திருந்தது. ஃபில்டரில் டிகாஷன் இறங்கிக் காத்திருக்கிறது, பால் இல்லை. நான் பால் இல்லாமல் குடித்துவிடலாம் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாய். மற்ற மாடுகளெல்லாம் கோடைக்கு மலைமேல் மேய்ச்சலில் இருக்க, வீட்டுப் பாலுக்கென்று ரோசி அக்கா ஒரே ஒரு பசுவைக் கீழே வைத்திருந்தார். ரொம்ப நேரம் ஆளைக் காணோமே என்று நான் போய் எட்டிப் பார்த்தால், கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுகிற மேடம் குளிர் ஜாக்கெட்டோடு குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருக்கிறாள். நீ தமிழில் பேசுகிறாய், ரோசி அக்கா ஜெர்மனில் பேசுகிறார், நடுவில் பசு நிம்மதியாக அசை போடுகிறது. அன்றைக்கு மூன்று பேரும் அவர் அடுப்படியில் உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்தோம். அவர் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார். அன்றிலிருந்து உனக்கு அவர் ரோசி அக்கா.

அந்த வாரக் கடைசியில்தான் மாடுகள் இறங்கும் நாள். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகளை, குளிர் தொடங்குமுன் ஊருக்குக் கொண்டுவருவார்கள். ஊரே தெருவில் நிற்கும். மாட்டின் தலையில் ஊசியிலைக் கிளையும் பூவுமாகக் கிரீடம், கழுத்தில் பானை அளவு மணி. "பட்டிப் பொங்கலேதாண்டி! இவங்க செப்டம்பர்ல வெக்கறாங்க, அவ்வளவுதான்" என்று நீ குதித்தாய். மாட்டுப் பொங்கலை உங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் என்பதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே தெருவில் எந்தத் தொழுவத்தைப் பார்த்தாலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்தாய்.

ரோசி அக்கா வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நீ ஜாடையில் பூவைக் காட்டிக் கேட்டாய். அவர் லேசாகச் சிரித்து, தலையை ஆட்டி, இந்த வருஷம் இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். உனக்கு மனசு தாளவில்லை. "பாவம், கை ஆள் இல்லடி. தாயும் மகனும் எத்தனன்னு செய்வாங்க? ஊரு மாடெல்லாம் ஜோடிச்சு வாரப்ப இவங்க மாடு மட்டும் மொட்டையா வந்தா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்?" என்று மாடியில் வந்து மூக்கை உறிஞ்சினாய். சும்மா இரு, அவர்கள் ஊர் வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா?

மறுநாள் காலையில் கை நிறைய டேலியா, சாமந்தி மாதிரி ஏதோ ஊதாப்பூ, அடுப்படி நூல்கண்டு. அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் கேட்டு வாங்கிவந்திருந்தாய். படுக்கைமேல் கால் நீட்டி உட்கார்ந்து கட்டினாய் பார், ஒரு மாலை! ஊசி கிடையாது, கம்பி கிடையாது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்று, விரலில் ஒரு கண்ணி, காம்புக்குள் நுழைத்து ஓர் இழுப்பு. வாய் பாட்டுக்குப் பேசுகிறது, கை பாட்டுக்கு ஓடுகிறது. என் கை தண்டி இருந்தது அந்த மாலை.

அன்று ஊர்வலத்தில் ரோசி அக்காவின் மாடுகள் கடைசியில் வந்தன. அவர் மகன் முன்னால் நடந்து வந்தான். மாடுகளுக்குக் கிரீடம் இல்லை, மணிகூட இல்லை. அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு ஏதோ பொறி தட்டியது. உன் கையைப் பிடிக்கத் திரும்புகிறேன், நீ அங்கே இல்லை! தெரு நடுவில் நிற்கிறாய். "ஹோவ்... நில்லு சாமி, நில்லு" என்று முன்மாட்டின் கழுத்தைத் தடவுகிறாய். அது உன் பேச்சைக் கேட்டு நிற்கிறது. மாலை கழுத்தில் ஏறிவிட்டது. ஊரே பார்க்கிறது.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். கோடையில் மலைமேல் யாராவது செத்துப்போனால் அந்த வீட்டு மாடுகள் பூ இல்லாமல்தான் இறங்கும், அது துக்கம் என்று. பல வருஷமாக ரோசி அக்காவின் மாடுகளை மேய்த்த பீட்டர் என்பவர் அந்த ஜூலையில் மலைக்குடிசையில் நெஞ்சடைத்துப் போய்விட்டாராம். எனக்கு உடனே பஸ் பிடித்து ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நீ அங்கே நிற்கிறாயே. தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏய், கழட்டுடி! துக்க வீடுடி அது!"

உன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு, ஓடி ஒளியாமல், நின்ற இடத்திலேயே மாலையைக் கழற்றினாய். மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அத்தனை பேர் முன்னால் நடந்து போய் ரோசி அக்கா எதிரில் நின்று, "தெரியாமப் பண்ணிப்புட்டேன்க்கா, மன்னிச்சுக்கோங்க" என்று தமிழிலேயே சொன்னாய். தேம்பித் தேம்பி அழுதாய். நானாக இருந்தால் செத்திருப்பேன். தப்புச் செய்த இடத்திலேயே நின்று அதை முழுசாக வாங்கிக்கொள்கிற தைரியம் உனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

நான் ஓடிவந்து ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்குள் நீ என் பக்கம் திரும்பி, "எங்கப்பா செத்த வருசம் எங்க வூட்லயும் இதேதாண்டி. பொங்கல் வெக்கல, மாட்டுக்குக் கொம்புக்குப் பெயின்ட்கூட அடிக்கல. ஊருக்கு ஊரு தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்றாய். அதையும் நான் மொழிபெயர்த்தேன். ரோசி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு உன் கையிலிருந்த மாலையை வாங்கி, ஒரு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். வா என்று உன்னைத் தோளோடு அணைத்து, சர்ச்சுக்குப் பின்னால் கூட்டிப்போனார். இரும்புச் சிலுவைகளும் சின்னச் சிவப்பு விளக்குகளுமாக இருந்த அந்தக் கல்லறைத் தோட்டத்தில், தன் கணவர், மாமனார் இருந்த வரிசையிலேயே பீட்டரையும் வைத்திருந்தார். உன் மாலையை அந்தச் சிலுவையில் போட்டார்.

"உங்க சொந்தக்காரரா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. வேற ஊர்க்காரர். மே மாசம் வருவார், செப்டம்பரில் போவார்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் என் மாடுகள் அவரைத்தான் கூப்பிடும்."

மறுநாள் நம்மைக் கீழே கூப்பிட்டார். மேசைமேல் பூவும் நூலும் இருந்தன. ஊசியில்லாமல் எப்படிக் கட்டினாய், சொல்லிக்கொடு என்றார். அவர் விரல் ஒவ்வொன்றும் கேரட் தண்டி. நீ பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படிச் சுத்தி, இப்படி உட்டு, இழுக்கோணும். பயப்படாம இழுக்கோணும், பூ ஒண்ணும் அழாது" என்று தமிழிலேயே பாடம் நடத்தினாய். நானும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கட்டியது நின்றது, நான் கட்டியது மடியில் கொட்டியது. "பாரு அம்மிணி, ரோசி அக்காவுக்கே வந்துருச்சு, உனக்கு வரலியே" என்று நீ சொல்ல, அவருக்கு ஒரு வார்த்தை புரியாமலே விழுந்து விழுந்து சிரித்தார். என்னை உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்த செப்டம்பரில் போட்டோ வந்தது. முன்மாடு கிரீடத்தோடு நிற்கிறது, கழுத்தில் டேலியா மாலை, நம்மூர் முடிச்சு. அதைப் பிரின்ட் போட்டு உன் மேசையில் ஒட்டி வைத்தாய். மீட்டிங்குக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாய். அதற்கடுத்த வருஷமும் வந்தது. அந்தச் சூட்டோடுதான் நீ கில்ராய் பக்கம் ஒரு பண்ணைக்காரரைப் பிடித்து, சங்கத்துப் பொங்கலுக்கு நிஜக் கன்றுக்குட்டியையே வரவழைத்தாய். அதுவரை தெர்மகோல் மாட்டைப் பார்த்த குழந்தைகள் அன்று அதன் ஈர மூக்கைத் தொட்டுவிட்டு வீல் என்று கத்தினதை இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பண்ணைக்காரரும் "வணக்கமுங்க" சொல்லக் கற்றுக்கொண்டார்.

பிறகு போன ஜூலை. தலை வலிக்கிறது என்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பினாய். ஷட்டிலில் உன் சீட்டை நான் பிடித்து வைத்திருந்தேன், நீ கால் டாக்ஸியில் போய்விட்டாய். மறுநாள் ஆஸ்பத்திரியில், உன் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இடம் இருந்தது, ஆனால் நீ இல்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை, விடு.

இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளாக இருக்கிறேன். உன் அண்ணன் பொள்ளாச்சியில் இந்த வருஷம் பட்டிப் பொங்கல் வைக்கப்போவதில்லை. ஃப்ரீமான்ட்டில் உன் வீட்டுக்காரர் தீபாவளிக்கு ஒரு விளக்கு போடவில்லை. யாரும் அவர்களை ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு நீ யார்? பங்காளியா, சம்பந்தியா? தீபாவளிக்கு நான் எண்ணெய்ச் சட்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டில் இவர் வந்து, "நமக்கு ஒண்ணும் துக்கம் இல்லையேம்மா, பண்ணலாம்ல?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதிரசமும் செய்தேன், முறுக்கும் பிழிந்தேன். ஒன்றையும் வாயில் வைக்க முடியவில்லை. சிநேகிதி செத்தால் எத்தனை நாள் துக்கம் என்று நம் ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லையேடி. இப்போது பூப்பெட்டி வேறு வந்துவிட்டது. உன் கன்றுக்குட்டிக்கு என் கையால் மாலை போட்டு, நான் கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ரோசி அக்கா இந்த செப்டம்பரில் போட்டோ அனுப்பவில்லை. ஜூலையில் உன் சேதியை எழுதியபோது, விளக்கு ஏற்றினேன் என்று ஒரு வரி பதில் போட்டவர்தான். அதற்குப் பிறகு பேச்சில்லை. நீ இல்லாமல் நான் யார் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முடிச்சுத் தெரிந்தவர், நான் கேட்கக்கூடியவர், இன்றைக்கு அவர் ஒருத்தர்தான். இங்கே காலை பத்து மணி, அங்கே சாயங்காலம், பால் கறந்து முடித்திருப்பார். கூப்பிடப் போகிறேன். இதை இப்படியே வைத்துவிட்டுப் போகிறேன், இரு.

வந்துவிட்டேன். இப்போது மதியம் தாண்டிவிட்டது. கையெல்லாம் மஞ்சள் கறை, பேனாவிலும் ஒட்டுகிறது.

வீடியோவில் அதே அடுப்படி, அதே மேசை. அவர் தலை இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பூப்பெட்டியைக் காட்டி, முடிச்சை மறந்துவிட்டேன், சொல்லிக்கொடுங்கள் என்றேன். மறக்கவில்லை, உனக்கு வரவே இல்லை என்றார். அவருக்கும் உன் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது! யாருக்கு மாலை என்று கேட்டார். எங்கள் பண்டிகை, கன்றுக்குட்டிக்கு என்றேன். "இந்த வருஷமா?" என்றார். ஆமாம் என்றேன். பேச்சை மாற்ற, ஏன் இந்தத் தடவை போட்டோ வரவில்லை என்று நான் கேட்டேன்.

"அனுப்ப ஒன்றும் இல்லையே. இந்த வருஷம் மாடுகள் பூ இல்லாமல் இறங்கின."

"ஐயோ, என்ன ஆச்சு? உங்க மகன் நல்லா இருக்காரா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மகன் நன்றாக இருக்கிறான். நீதானே ஜூலையில் எழுதினாய்?"

நான் மேடையைப் பிடித்துக்கொண்டேன். இவர் ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டார். அதில் ரோசி அக்கா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்: "ஊரில் கேட்டார்கள், உங்கள் வீட்டில் யார் செத்தது என்று. எங்களுக்கு மாலை கட்டியவள் என்றேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ரொட்டிக்கடைக்காரி அழுதாள்."

கேட்டாயா? ஒரு வாரம் தங்கிவிட்டு வந்த ஊரில், உனக்காக மாடுகள் மணிகூட இல்லாமல் நடந்து வந்திருக்கின்றன. நான் இங்கே இத்தனை மாசமாக யாரிடம் அனுமதி கேட்பது என்று தவித்துக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை. அழுதேன். ஜூலையில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன். இவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் என் தோளுமாக நின்றார். "நம்ம வீட்லயும் இந்த வருஷம் பொங்கல் வேணாம்மா" என்று அவராகவே சொன்னார்.

அடுத்த போன் சுகன்யாவுக்கு. கன்றுக்குட்டி வரட்டும், குழந்தைகள் தொடட்டும், கரும்பு கொடுக்கட்டும், ஆனால் இந்த வருஷம் மாலை இல்லை, மணி இல்லை என்றேன். "என்னக்கா, எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீங்க ஒண்ணும் அவங்களுக்குச் சொந்தம்கூட..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "சொந்தம் இல்லை சுகன்யா, சிநேகிதி" என்றேன். பிறகு அந்த மலையூரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன், முதலிலிருந்து கடைசிவரை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிக்கா. ஏன் பூ இல்லன்னு குழந்தைங்க கேப்பாங்க. நானே மைக்ல சொல்றேன். அவங்க பேரைச் சொல்லியே சொல்றேன்" என்றாள்.

அப்புறம் பெட்டி இருக்கிறதே. ரோசி அக்காவை மறுபடி கூப்பிட்டேன். அவர் அங்கே ஊசியிலைக் குச்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு காட்ட, இவர் போனைப் பிடித்துக்கொள்ள, நான் மேடை ஓரமாக நின்று கட்டினேன். முதல் மூன்று தடவை கொட்டிவிட்டது. நூலை இழுக்கப் பயம் எனக்கு, காம்பு அறுந்துவிடுமோ என்று. அப்போது அவர் சொன்னார், தமிழில், அச்சு அசல் உன் குரலில்: "இழுக்கோணும்!" இவர் போனைக் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டார். ரோசி அக்காவுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், மாலை கட்டும்போதெல்லாம் சொல்லிக்கொள்வாராம். மந்திரம் என்று நினைத்திருந்தாராம். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நான் இழுத்தேன்.

உன் வீட்டுக் கூடத்தில் உன் படத்துக்கு ஒரு சந்தனச் சீவல் மாலை போட்டிருக்கிறார்கள், தூசி படிந்தது. உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், சொல்ல நான் யார் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு ஃப்ரீமான்ட்டுக்கு வருகிறேன். அதைக் கழற்றிவிட்டு இதைப் போடுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் கேட்கப்போவதில்லை.

மாலை ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி. நீ பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பாய். தூக்கிப் பிடித்து ஓர் உதறு உதறிப் பார்த்தேன். ஒரு பூ விழவில்லை.

எனக்கும் வந்துருச்சுடி.